ஞாயிற்றுக்கிழமை நாலு மணி

பேசுங்கம்மா, பேசி முடிச்சிட்டு வாங்க. எனக்காக அவசரப்பட வேண்டாம். நான் வேணா எந்திரிச்சு அந்தக் கண்ணாடி அலமாரிப் பக்கம் போய் நின்னுக்கிடுதேன். அடுத்தவங்க ஃபோன்ல பேசுறதைக் காது குடுத்துக் கேக்குற பழக்கம் எனக்குக் கிடையாது.

முடிச்சிட்டீங்களா? வீட்டுக்காரரா? கேட்டுட்டுச் சொல்லல, 'சாம்பாரைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்க'ன்னு நீங்க சொன்னது காதுல விழுந்துட்டு. விழுறது வேற, கேக்குறது வேற. ஆனா ஒண்ணு சொல்லுதேன், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குச் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. மெதுவாப் பேசினாலே அந்தப் பக்கம் நல்லாக் கேக்கும். உங்க வீட்டுல இன்னிக்கு என்ன குழம்புன்னு இப்ப இந்தக் கடைக்கே தெரிஞ்சு போச்சு.

சிரிக்கீங்க. கோவம் இல்லியே? அப்ப இப்படி வந்து உக்காருங்க, ஃபேன் காத்து இந்தப் பக்கந்தான் வருது. யாரு ஃபோனு, மகளோடதா? டிஸ்பிளே உடைச்சுட்டாளா? அப்ப நேரமாகும். அன்சாரி இப்ப என் ஃபோனைத்தான் உள்ள பிரிச்சு வச்சு லென்ஸு போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கான். அதை முடிச்சிட்டுத்தான் உங்களோடதைத் தொடுவான்.

என் ஃபோனுக்கு என்ன கோளாறுன்னு கேக்கீங்களா? அடிக்க மாட்டேங்கு. அதான் கோளாறு.

என் தங்கச்சி வயலெட் கோயம்புத்தூர்ல இருக்கா. அவ வீட்டுக்காரரு காலமான பிறகு மகன் ஜெபசிங் வீட்டோட இருக்கா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு டான்னு கூப்பிடுவா. ரெண்டு வருஷமா ஒரு வாரம் தப்பினது கிடையாது. இப்ப அஞ்சு ஞாயித்துக்கிழமையா அடிக்கல. அவ கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருப்பா, எனக்கு வந்து சேரல. எனக்குக் கல்யாணம் காட்சி கிடையாது, பிள்ளைகுட்டி கிடையாது. இந்த உலகத்துல எனக்குன்னு இருக்கது அவ ஒருத்திதான், பாத்துக்கிடுங்க. அதனால இந்த ஃபோன் சரியாகியே தீரணும்.

மொதல்ல பழைய ஃபோனைத்தான் கொண்டாந்தேன். அன்சாரி கடை ஃபோன்ல இருந்து அடிச்சுப் பாத்தான். அடிச்சுது. 'இங்க அடிக்கும் தம்பி, வீட்டுல அடிக்காது'ன்னேன். பேட்டரி மாத்தினான். அடுத்த வாரம் சிம்மு மாத்தினான். அதுக்கு அடுத்த வாரம், போதும்டா சாமின்னு புது ஃபோனே வாங்கிட்டேன்.

ஃபோன் வாங்க வந்தா எல்லாரும் கேமராவைப் பத்தித்தான் கேக்காங்க. எனக்குக் கேமரா என்னத்துக்கு? என் மூஞ்சியை அறுபத்தெட்டு வருஷமாப் பாத்தாச்சு. எனக்கு வேண்டியது எழுத்து பெருசாத் தெரியணும், எதிராளி பேசுறது தெளிவாக் கேக்கணும், அவ்வளவுதான். இன்னொண்ணு, மணிச் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகப்படாது. அந்த வீட்டுல கைக்குழந்தை இருக்கு. அன்சாரி ஒவ்வொரு மணியாப் போட்டுக் காட்டுதான். ஒண்ணு குருவி மாதிரி கத்துது. ஒண்ணு ஃபயர் சர்வீஸ் வண்டி மாதிரி அலறுது. ஒண்ணுல பொம்பளை ஒருத்தி சிரிக்கா. யாரு ஃபோன்ல பேசணும்னு கூப்பிட்டாலும் அவ சிரிப்பாளாம். இழவு சொல்ல ஒருத்தர் கூப்பிட்டா? கடைசியில மெதுவா ட்ரிங் ட்ரிங்னு ஒண்ணு கிடைச்சுது. அதையும் பாதியாக் குறைச்சு வச்சேன்.

அந்த ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டு வந்து, மூணரைக்கே காப்பி குடிச்சு முடிச்சிட்டு, புது ஃபோனை மேஜையில வச்சிட்டு உக்காந்துட்டேன். வாயில முறுக்கோ பிஸ்கட்டோ இருக்கப்போ ஃபோன் எடுக்கது மரியாதை இல்லன்னு ஒண்ணையும் தொடல. நாலு ஆச்சு. நாலேகால் ஆச்சு. ஆறு மணி வரை உக்காந்திருந்தேன். பாத்ரூமுக்குக்கூடப் போகல.

இன்னிக்கு வந்து சொன்னேன், புதுசும் அதே கோளாறுதான்னு. அன்சாரி என்ன சொல்லுதான் தெரியுமா? 'ஃபோன் நல்லா இருக்கும்மா. யாராவது கூப்பிட்டாத்தான அடிக்கும்'னான். பேச்சைப் பாருங்க. வியாபாரம் பண்ணத் தெரியாத பிள்ளை. எதுக்கும் ஒருக்காப் பிரிச்சுப் பாத்துருன்னு சொல்லி உக்கார வச்சிருக்கேன்.

எனக்கா ஃபோனைப் பத்தித் தெரியாது? நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆப்பரேட்டரா இருந்தவ. டிரங்க் கால் காலம். நீங்க பிறந்திருக்கவே மாட்டீங்க. மெட்ராசுக்குப் பேசணும்னாக்கூட எங்ககிட்ட புக் பண்ணிட்டுக் காத்துக் கிடக்கணும். தலையில ஹெட்போன் மாட்டிக்கிட்டு, கையில வயரு வச்சுக்கிட்டு, இந்த ஓட்டையில இருந்து அந்த ஓட்டைக்குச் சொருகுவோம். ஒரு காலுக்கு மூணு நிமிஷம். மூணு நிமிஷம் ஆனதும் நடுவுல போய், 'மூணு நிமிஷம் முடிஞ்சுது, நீட்டிக்கவா'ன்னு கேக்கணும். வேண்டாம்னா கட் பண்ணிரணும். லைன்ல பேசுறதைக் கேக்கப்படாது. அதுதான் மொத ரூலு. முப்பத்திரெண்டு வருஷம் நான் ஒருத்தர் பேசினதையும் கேட்டது கிடையாது. ஒரு அம்மா பம்பாய்ல இருக்க மகனுக்குப் புக் பண்ணிட்டு, மூணு நிமிஷமும் ஒரு வார்த்தை பேசாம அழுதுட்டு வச்சிட்டாங்க. நான் கேக்கல. எப்படியோ தெரியும், அவ்வளவுதான்.

அந்த மூணு நிமிஷத்தை நான் இன்னிக்கு வரை விடல. இப்பத்தான் எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்னு ஆயிட்டே, அதுக்காக அடுத்தவங்க நேரத்தைத் தின்னலாமா? அவங்களுக்கு அடுப்புல பால் இருக்கும். வாசல்ல ஆள் நிக்கும். சொல்ல மாட்டாங்க, மனசுக்குள்ள எப்படா வைப்பாங்கன்னு இருக்கும். நானே முந்திக்கிட்டு, 'சரி, மூணு நிமிஷம் ஆச்சு, வைக்கேன்'னு வச்சிருவேன். யாரா இருந்தாலும் சரி. என்னால ஒருத்தருக்குத் தொந்தரவுன்னு இந்தப் பாளையங்கோட்டையில யாரும் சொல்லிற முடியாது.

ஒழுங்குன்னு ஒண்ணு வேணும்மா. எங்க கோயில்ல பெண்கள் ஐக்கியத்துக்கு வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்கு. விடிஞ்சும் விடியாம ரோசாப்பூப் படம், குத்துவிளக்குப் படம், குட்மார்னிங், இனிய காலை வணக்கம், ஒரே ரகளை. யாரு பேரனுக்கோ பொறந்த நாளுன்னா நாப்பது பேரு நாப்பது கேக்குப் படம் அனுப்புவாங்க. நான் பொறுத்துப் பொறுத்துப் பாத்து, ஒரு நாளு பதினோரு ரூலு எழுதிப் போட்டேன். காலையில எட்டு மணிக்கு முன்னாடி எதுவும் அனுப்பப்படாது. பூப்படம் பண்டிகைக்கு மட்டும். வாழ்த்தை அவங்கவங்களுக்குத் தனியா அனுப்பணும். இப்படி. அன்னிக்கு இருந்து அந்தக் குரூப்புல ஒரு சத்தம் இல்ல. ஒரு வருஷமாச்சு. எல்லாரும் திருந்திட்டாங்க. பெந்தெகோஸ்தே பண்டிகைக்கு நான் ஒரு புறாப் படம் போட்டேன், அதுக்குக்கூட யாரும் பதில் போடல. அவ்வளவு ஒழுங்கு.

போன மாசம் ஆராதனை முடிஞ்சு வெளிய வரும்போது எங்க ஐக்கியத்து மெர்சி ஃபோனைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிக்கா. என்னட்டின்னு கேட்டேன். 'நம்ம குரூப்புல வந்துதுக்கா'ன்னா. என் ஃபோன்ல ஒண்ணும் வரல. பாத்தீங்களா, அதுவும் இந்த ஃபோன் கோளாறுதான். அன்சாரிகிட்ட அதையும் சொல்லணும்.

என்னம்மா அப்படிப் பாக்கீங்க? உங்க நேரத்தை எடுத்துக்கிடுதேனா? நேர்ல பேசுறதுக்கு மூணு நிமிஷக் கணக்கு கிடையாது. அதுவும் எனக்குப் பேச ஆள் கிடைச்சு எத்தனையோ நாளாச்சு.

நானே வயலெட்டைக் கூப்பிட்டா என்னன்னு கேக்கீங்க. அன்சாரியும் அதைத்தான் கேட்டான். கூப்பிடணும்னா நேரங்காலம் பாக்கணும்லா. நான் ஒரு பேப்பர்ல எழுதியே பாத்துட்டேன். காலையில எட்டு வரை அந்த வீட்டுல ஆபீஸுக்கும் ஸ்கூலுக்கும் கிளம்புற அவசரம். அப்புறம் அவ குளிச்சு, பைபிள் வாசிச்சு, மருமகளுக்கு அடுப்படியில கூடமாட நிப்பா. ஒரு மணிக்குச் சாப்பாடு. சாப்பிட்டதும் படுப்பா. எந்திரிச்சா பேத்தி வந்துரும். ஆறரைக்கு ஜெபம், ஏழு மணியில இருந்து சீரியல், ஒன்பதுக்குத் தூக்கம். கழிச்சுப் பாத்தா ஒரு நாளுல ஒரு பொட்டு நேரம் மிச்சம் இல்ல. ஞாயித்துக்கிழமை நாலு மணி மட்டுந்தான் இருக்கு. அந்த நேரத்துல நான் கூப்பிட்டா, அவ எனக்குக் கூப்பிடும்போது என் லைன் பிஸியா இருக்கும்லா? அதனால நான் லைனைத் தொடாம வச்சிருக்கேன்.

அவளோட எனக்குச் சண்டையா? சேச்சே. பிறந்ததுல இருந்து ஒரு சண்டை கிடையாது. அவ பேசுறதுதான் கொஞ்சம் வழவழன்னு இருக்கும். கோயம்புத்தூர்க் குளிர்ல ஆரம்பிப்பா. பால்காரர்கிட்ட போவா. எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொல்லுவா. ரெண்டரை நிமிஷம் இப்படியே ஓடிரும். விஷயத்துக்கு வரதுக்குள்ள மணி ஆயிரும். கடைசி ஒரு மாசம் ரொம்ப மோசம். சம்பந்தா சம்பந்தமில்லாமக் கேப்பா. 'அக்கா, அந்தப் பின் ரூம்புல இன்னும் பழைய பேப்பர்தான் அடுக்கி வச்சிருக்கியா'ம்பா. ஆமா, அதுக்கென்னன்னு கேப்பேன். ஒண்ணும் இல்லம்பா. அடுத்த வாரம், 'உன் வீட்டு வாசப்படி ரொம்ப உயரமா இருக்குமே, எனக்கு இப்ப முழங்கால் மடக்க முடியல'ம்பா. என் வாசப்படி கோயம்புத்தூர்ல இருக்கவ முழங்காலை என்ன பண்ணப் போகுது? இன்னொரு வாரம், 'தனியாப் படுக்கியே, பயமா இல்லியாக்கா, துணைக்கு ஒரு ஆளு இருந்தா நல்லாத்தான இருக்கும்'னா. எனக்கென்ன பயம், நைட் டூட்டி பாத்தவ நானுன்னு சொன்னேன். அதுக்குள்ள மணி ஆயிட்டு.

கடைசித் தடவை கூப்பிட்டப்போ, பூனைக்கதை முடிஞ்சுது, பாத்துக்கிடுங்க. அப்புறம், 'அக்கா, நான் ஒண்ணு கேக்கணும், நீ கோவிச்சுக்கிடப்படாது'ன்னா. மேஜையில வாட்சு இருக்கு, பாக்கேன், மூணு நிமிஷம் தாண்டிட்டு. 'வயலெட், அடுத்த வாரம் கேளு. இந்தக் குளிரு பூனையெல்லாம் விட்டுட்டு மொதல்லயே கேட்டிரு'ன்னு அன்பாத்தான் சொன்னேன். 'சரிக்கா'ன்னு வச்சிட்டா. அதுக்கு அடுத்த வாரத்துல இருந்துதான் ஃபோன் கெட்டுப் போச்சு.

என்ன சொன்னீங்க?

இல்ல, இன்னொருக்காச் சொல்லுங்க.

எங்கிட்ட வந்து இருக்கவா? அவளா? அவளுக்கு மகன் இருக்கான், சொந்த ஃபிளாட் இருக்கு, எதுக்கு எங்கிட்ட வரணும்? வரணும்னா கேட்டிருக்க மாட்டாளா? நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்?

பின் ரூம்பு.

வாசப்படி.

நீங்க சும்மா இருங்கம்மா. முன்னப் பின்ன தெரியாத ஆளு, அரை மணி நேரமாக் கேட்டுக்கிட்டு இருந்துட்டு நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டீங்க. நான் முப்பத்திரெண்டு வருஷம்... சரி விடுங்க. உங்க மேல கோவம் இல்ல. கொஞ்சம் தண்ணி இருக்கா?

மணி என்ன? மூணே முக்காலா. புதன்கிழமை மூணே முக்கால். அவ படுத்திருப்பா. இல்லன்னா எந்திரிச்சிருப்பா. பேத்தி வந்திருக்கும். உங்க ஃபோன்லயா? வேண்டாம்மா, அடுத்தவங்க ஃபோனை வாங்கிப் பேசுறது... சரி. சரி, நம்பர் சொல்லுதேன். நீங்களே அடிங்க. இந்த நம்பரை எந்தப் பேப்பர்லயும் எழுதினது கிடையாது, மனப்பாடம்.

ரிங் போகுதா? குடுங்க.

ஹலோ. வயலெட்டா? நான்தான்டி, அக்கா... ஆமா, வேற ஆளு நம்பரு. ஒரு கடையில இருக்கேன்... எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். நீ எப்படி இருக்க?... என்னது?... ஹோமா? எந்த ஹோமு?... எப்ப?... ஜெபசிங் என்ன சொன்னான்?... ம்... ம்... ஏன்டி எங்கிட்ட சொல்லல, கூப்பிடல?... நான் எதுக்குக் கோவிக்கேன்? நான் என்னிக்கு உன்னைக் கோவிச்சேன்?... ஆமா, புதன்கிழமைதான். புதன்கிழமை கூப்பிடப்படாதா?... வயலெட், இங்க பாரு. அந்தப் பின் ரூம்பு இருக்குல்லா... இல்ல, அதெல்லாம் ஆகட்டும், இரு, நான் சொல்லதைக் கேளு... வைக்காத. வயலெட்?

வச்சிட்டா.

ஹோம்ல இருக்காளாம்மா. முதியோர் இல்லம். கோயம்புத்தூர்ல இருந்து ஒரு மணி நேரம் போகணுமாம். மகனுக்குப் பூனாவுக்கு மாத்தலாயிட்டாம், அங்க வீடு சின்னதாம். இவ, 'அக்காகிட்டக் கேட்டுட்டுச் சொல்லுதேன்'னு ஒரு மாசம் அவனை இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கா. கேக்க முடியல. அதுக்கு மேல அவனுக்கு லீவு இல்ல. கொண்டு போய் விட்டுட்டுப் போயிட்டான்.

நல்லாத்தான் இருக்காளாம். சோறு கொஞ்சம் குழைஞ்சு இருக்காம். பக்கத்துக் கட்டில்ல ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க இருக்காங்களாம், ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருப்பாங்களாம். அவங்க வாட்சு பாக்க மாட்டாங்களாம். குத்திச் சொல்லல, அவளுக்குக் குத்தத் தெரியாது. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

ஏன்டி கூப்பிடலன்னு கேட்டேன்லா? ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அங்க ஜெபக்கூட்டமாம். எல்லாரும் போய் உக்காரணுமாம். வேற நேரத்துல கூப்பிட்டா அக்காவுக்குத் தொந்தரவா இருக்கும்னு கூப்பிடலையாம். 'உனக்குத்தான் பிடிக்காதேக்கா'ங்கா. நான் அந்த ரூம்பைச் சொல்ல வாயைத் திறக்கேன், 'ஐயோ, மூணு நிமிஷம் ஆயிருக்குமே, நீ கடையில வேற நிக்க, வைக்கேன்க்கா'ன்னு வச்சிட்டா. டக்குன்னு. நான் வைக்கிற மாதிரியே.

அன்சாரி கூப்பிடுதான். என்னப்பா? ஃபோன் நல்லா இருக்குங்கியா? சரி, மாட்டிரு. எனக்குத் தெரியும், நல்லா இருக்கு.

இல்லம்மா, அழல. என்னமோ வருது.

ஒரே ஆளை அடுத்தடுத்து ரெண்டு தடவை கூப்பிடுறது மரியாதை கிடையாது. என் பதினோரு ரூலுல அதுவும் ஒண்ணு. அவசரம்னு நினைச்சு எதிராளி பயந்துருவாங்க. அவளும் படுத்துருப்பா. டீச்சர் தூங்கிக்கிட்டு இருப்பாங்க. மணி நாலு ஆகப் போகுது, அங்க காப்பி குடுக்கிற நேரமா இருக்கும். காப்பி ஆறிப் போகும்.

ஆறட்டும். அடிங்கம்மா. அதே நம்பர்தான், திருப்பி அமுக்குங்க.

அவ எடுத்துட்டான்னா உங்க ஃபோனைத் திருப்பிக் குடுக்க நேரமாகும். தப்பா எடுத்துக்கிடாதீங்க.